அண்ணன் விலை, தம்பி விலை: உயர்ரக ஹெட்ஃபோன் வாங்க ஒரு வழிகாட்டி

ஒரே நிறுவனம், ஒரே உருவம், பெயரில் ஓர் எண் மட்டும் வேறு; விலையிலோ பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் இடைவெளி. உயர்ரக ஹெட்ஃபோன் வாங்க முதன்முதலாக இறங்குகிறவர்கள் முட்டி நிற்கும் இடம் இதுதான். கூடுதல் பணத்துக்குக் கூடுதலாக என்ன கேட்கும் என்று விற்பவரிடம் கேட்டால், "மாட்டிப் பார்த்தால் தெரியும்" என்பார். குமரி மாவட்டத்தில் அந்த மாட்டிப் பார்ப்பதுதான் எளிதில் நடக்காத காரியம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் புளூடூத் வகைகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கும். முப்பதாயிரத்தைத் தாண்டும் கம்பி வகைகளைப் பெட்டி பிரித்துத் தலையில் வைத்துக் காட்டும் கடை அரிது. ஆகவே நம் ஊர்க்காரர் பெரும்பாலும் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. படிக்கக் கிடைப்பதில் பாதி விளம்பரம்.

நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான். கூடுதல் விலை எதற்காக என்பதை உங்களால் ஒரே வாக்கியத்தில், உரிச்சொற்கள் இல்லாமல் சொல்ல முடிய வேண்டும். "தலையில் இறுக்கம் குறைவு", "கம்பியைக் கழற்றி மாற்றலாம்", "ஆழ்ந்த பேஸ் கூடுதலாக வருகிறது" என்பவை காரணங்கள். "இன்னும் தெளிவு", "இன்னும் உயிரோட்டம்" என்பவை காரணங்கள் அல்ல. காரணம் சொல்ல முடியாவிட்டால் தம்பி விலைக்காரனை எடுத்துவிட்டு மிச்சப் பணத்தைப் பையில் வையுங்கள்.

முதலில் இடம், பிறகு மாடல்

எந்த மாடல் என்று தேடத் தொடங்கும் முன், எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். உயர்ரகக் கம்பி ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவை பின்புறம் திறந்தவை. காதுக்கு வெளியே உள்ள பக்கம் வலைக் கம்பியாக இருக்கும். ஒலி இரு பக்கமும் போகும். அதனால் பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல் சற்று வெளியே விரிந்தாற்போலக் கேட்கும். அதே காரணத்தால் வெளிச் சத்தமும் தங்குதடையின்றி உள்ளே வரும். உங்கள் பாட்டும் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பும்.

நம் மாவட்டத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை நமக்கு. தகரக் கூரையின் கீழோ ஓட்டு வீட்டிலோ ஆனி மாத மழைக்குத் திறந்த வகை ஹெட்ஃபோன் ஈடுகொடுக்காது. கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாண மண்டபம் என்று ஏதாவது ஒரு குழாய் ஒலிபெருக்கி ஆண்டில் பல நாள் தெருவை ஆண்டுகொண்டிருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி வேறு. வீட்டில் கதவடைத்து உட்கார ஓர் அறையும், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரமும் கிடைக்கும் என்றால் திறந்த வகையை நினைக்கலாம். மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே தினமும் பஸ்ஸில் போய்வரும்போதுதான் கேட்கப் போகிறீர்கள் என்றால், இரைச்சலை அடக்கும் புளூடூத் வகைதான் உங்களுக்கு. ஒரு லட்ச ரூபாய்த் திறந்த ஹெட்ஃபோன் அந்தப் பஸ்ஸில் எதற்கும் உதவாது. மூடிய கம்பி வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் நம் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்குள் காது வியர்த்துவிடும்.

இந்த முடிவை எடுத்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே உண்மையில் என்ன மாறியிருக்கிறது?

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒரே குடும்பத்து ஹெட்ஃபோன்களின் விலை வித்தியாசம் எனக்குத் தெரிந்தவரை நான்கு விதமாக வருகிறது. எந்த விதம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் விதம்: உள்ளே இருப்பது ஒன்றே, வெளியே பூச்சு வேறு. சென்ஹைசர் நிறுவனத்தின் எச்.டி. 650 மாடல் 2003-இல் வந்தது. பிற்பாடு மாஸ்டிராப் என்ற அமெரிக்க இணைய விற்பனை நிறுவனம், அதே டிரைவரை (ஒலியை எழுப்பும் உறுப்பை) வைத்து எச்.டி. 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் ஒரு பதிப்பைச் செய்யவைத்து 199.99 டாலருக்கு விற்றது. நிறம் கருநீலமானது, கம்பி குட்டையானது, பிளக் சிறியதானது. மூன்று மீட்டர் கம்பியும் பெரிய பிளக்கும் வேண்டும் என்பவருக்கு 650. மற்றவர்களுக்கு 6எக்ஸ்எக்ஸ் போதும். ஆனால் இந்தியாவுக்குத் தருவிக்கும் கூலி, சுங்கவரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தபின் அது இங்கேயும் தம்பி விலையாகவே இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். பல நேரம் இருப்பதில்லை.

இரண்டாம் விதம்: சட்டகம் ஒன்று, ஒலியின் சாயல் வேறு. 1997-இல் வந்த எச்.டி. 600-உம் மேற்சொன்ன 650-உம் இதற்குச் சரியான உதாரணம். இரண்டின் குஷனையும் கம்பியையும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். 650-இல் கீழ்ச்சுருதி சற்றே தடித்தும், குரலின் மேல்விளிம்பு சற்றே அடங்கியும் இருக்கும். அளந்தால் ஓரிரு டெசிபல் வித்தியாசம். அதற்குப் பின் 2017-இல் 660எஸ், 2023-இல் 660எஸ்2 என்று வந்தன. 660எஸ்2-இல் டிரைவரின் ஒத்ததிர்வை 110 ஹெர்ட்ஸிலிருந்து 70 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருப்பதாக நிறுவனம் சொல்கிறது. ஆழ்ந்த பேஸ் கூடியிருக்கிறது என்பது இதன் பொருள். இது ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய காரணம். பேஸ் வேண்டாதவருக்கு அதே காரணம் பணத்தை மிச்சப்படுத்தவும் உதவும். இவற்றில் எது மேல் என்ற கேள்விக்கே பொருள் இல்லை. சாயல் என்பது விருப்பம். விலை கூடியதால் சாயல் உங்களுக்குப் பிடித்துவிடாது.

மூன்றாம் விதம்: இயந்திரமே வேறு. சென்ஹைசரின் எச்.டி. 800 மாடல் 2009-இல் வந்தபோது 56 மில்லிமீட்டர் வளைய வடிவ டிரைவரைக் காதிலிருந்து தள்ளி, சாய்த்து வைத்தது. வாத்தியங்கள் தனித்தனி இடத்தில் நிற்பது போன்ற அகலம் அதில் வருவது கட்டமைப்பால். 600 குடும்பத்தில் எந்தச் சரிப்படுத்தலாலும் அதைக் கொண்டுவர முடியாது. 2016-இல் வந்த 800 எஸ், அதன் முன்னோடியிடம் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே துருத்திக்கொண்டிருந்த கூர்மையை அடக்கியது. பழைய 800-ஐ வைத்திருந்த சிலர் உள்ளே சிறு துண்டு கம்பளித் துணியை ஒட்டியே அதைச் செய்துகொண்டார்கள் என்பது தனிக்கதை. ஹைஃபைமேன், ஓடிஸி போன்ற நிறுவனங்களின் பிளேனார் வகைகளும் இந்த மூன்றாம் விதத்தில் சேரும். கூம்புக்குப் பதில் மெல்லிய படலம், காந்தங்களின் நடுவே முழுப் பரப்பும் அசைகிறது. கீழ்ச்சுருதி தரையைத் தொடும்வரை தளராது. இந்த விதத்தில்தான் கூடுதல் பணத்துக்கு நிஜமாகவே வேறொரு பொருள் கிடைக்கிறது.

நான்காம் விதத்தைப் பலரும் கவனிப்பதில்லை: வயது. ஹைஃபைமேனின் அனந்தா 2018-இல் 999 டாலருக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதன் விலை வெகுவாக இறங்கிவிட்டது. அதே நிறுவனத்தின் சுந்தராவும் அப்படித்தான். வந்த புதிதில் கொடுக்கும் விலை என்பது பொறுமையின்மைக்கான கட்டணம். புளூடூத்தில் இது இன்னும் அப்பட்டம். சோனியின் 1000எக்ஸ்எம் வரிசையில் நான்காவது 2020-இலும் ஐந்தாவது 2022-இலும் ஆறாவது 2025-இலும் வந்தன. நான்காவதை மடக்கிப் பைக்குள் வைக்கலாம். ஐந்தாவதில் மடக்கும் வசதியை எடுத்துவிட்டார்கள். ஆறாவதில் திரும்பக் கொண்டுவந்தார்கள். புதியது எல்லாவற்றிலும் முன்னேற்றம் என்ற நம்பிக்கைக்கு இந்த ஒரு கீல் போதுமான பதில்.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவைப் பற்றி ஓர் ஆய்வும் உண்டு. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் வரைபடத்தையும் கடை விலையையும் ஒப்பிட்டு 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை என்பதே அதன் தலைப்பும் முடிவும். விலை கூடினால் கட்டுமானம், எடை, உதிரிப்பாகம், உழைக்கும் காலம் எல்லாம் மாறலாம். ஒலியின் சாயல் விலையைப் பார்த்துக்கொண்டு மேலே ஏறுவதில்லை.

அதே பெயர், வேறு ஓம்

ஒரு சிறு எச்சரிக்கை. பேயர்டைனமிக்கின் டி.டி. 770 புரோ என்ற மூடிய வகை, மின்தடை அளவில் 32, 80, 250 ஓம் என்று மூன்று பதிப்புகளில் கிடைக்கிறது. படத்தைப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பழைய பொருள் விற்பவர்கள் இதை எழுத மறந்துவிடுவார்கள், அல்லது மறந்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓம் கூடினால் தரம் கூடியது என்று பொருளில்லை. அதிக வோல்டேஜ் கேட்கும் என்றுதான் பொருள்.

எவ்வளவு வோல்டேஜ் என்பதைப் பயப்படாமல் கணக்கிடலாம். எச்.டி. 650-க்கு நிறுவனம் தரும் கணக்கு: ஒரு வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம். நிதானமாகக் கேட்கும்போது சராசரி 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தவில் எகிறும் இடத்தில் அதற்கு மேல் இருபது டெசிபல் தேவைப்படலாம். ஆக 95. போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும், ஒரு வோல்ட் தரும் ஒரு சிறு யு.எஸ்.பி. டாங்கிள் இதற்குப் போதும். மெல்லிய ஒலியில் பதிவான கச்சேரிகளைக் கேட்பவருக்கு இரண்டு வோல்ட் இருந்தால் இன்னும் ஆறு டெசிபல் கையில் இருக்கும். அதற்கு மேல் செலவழிப்பது கேட்பதற்கு அல்ல, மேசை அழகுக்கு. ஆப்பிளின் யு.எஸ்.பி.-சி டாங்கிள் விலைக்கு நல்ல பொருள். ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அது முழு ஒலியளவைத் தராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பிளேனார் வகைகளில் ஓம் குறைவாக இருக்கும். ஹைஃபைமேன் எடிஷன் எக்ஸ்.எஸ். வெறும் 18 ஓம். எண் சிறியது என்பதால் எதிலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். அது வோல்டேஜுக்குப் பதில் கரண்டைக் கேட்கும். நல்ல டாங்கிளோ சிறிய ஆம்ப்ளிஃபயரோ வேண்டியிருக்கும்.

பட்ஜெட் போடும்போது ஹெட்ஃபோனுக்கு முழுப் பணத்தையும் ஒதுக்கிவிட்டு, பிறகு ஆம்ப்ளிஃபயருக்குக் கடன் தேடுகிற பழக்கம் வேண்டாம். டாங்கிள், மாற்றுக் குஷன், வைக்க ஒரு பெட்டி எல்லாவற்றையும் சேர்த்த தொகையைத்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே ஒப்பிட வேண்டும்.

தலை ஒத்துழைக்க வேண்டும்

எச்.டி. 600 எடை 260 கிராம். ஓடிஸி எல்.சி.டி.-எக்ஸ் 600 கிராமைத் தாண்டும். முதல் பத்து நிமிடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்துக் கழுத்து தன் கருத்தைச் சொல்லும். கண்ணாடி அணிபவர்கள் இறுக்கமான வகைகளில் காதுக்கு மேல் வலி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். சென்ஹைசர் 600 குடும்பம் புதிதில் நன்றாகவே இறுக்கிப் பிடிக்கும். நாள்போக்கில் தளரும். அவசரக்காரர்கள் தலையளவு அகலமுள்ள புத்தக அடுக்கின் மேல் ஓர் இரவு மாட்டி வைக்கிறார்கள், பலன் இருக்கிறது.

கேட்டுப் பார்க்கும் முறை

எங்கே கேட்பது? திருவனந்தபுரம் பக்கத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. வேறு வேலையாகப் போகும்போது ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, குறிப்பிட்ட இரண்டு மாடல்களும் கேட்டுப் பார்க்கக் கிடைக்குமா என்று உறுதி செய்துகொண்டு போவது நல்லது. நண்பர் ஒருவரிடம் இருக்கிறது என்றால் அது இன்னும் மேல். கடையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார நமக்கே கூச்சமாக இருக்கும்.

உங்கள் போன், உங்கள் டாங்கிள், உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகக் கேட்பதற்கென்றே பொறுக்கி எடுத்தது.

என் தேர்வுப் பட்டியலில் வில்லுப்பாட்டு எப்போதும் உண்டு. ஊர்ப் பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். சோதனைக்கு அது உண்மையிலேயே கடுமையான வினாத்தாள். வீசுகோல் நாணில் படும் நொடியில் வில்லில் கட்டிய மணிகள் கலகலக்கும். அந்த மணிகள் தனித்தனியாக உதிர்கின்றனவா, அல்லது ஒரே இரைச்சலாகக் குழைகின்றனவா என்று கவனியுங்கள். ட்ரெபிள் எனும் மேல்சுருதி துருத்தும் ஹெட்ஃபோனில் அவை ஊசியாகக் குத்தும். இரண்டு நிமிடத்தில் ஒலியைக் குறைக்கக் கை போகும். குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் நாதம் அடித்த உடனே நிற்காது, உள்ளே சற்று உருண்டு அடங்கும். பேஸ் தளர்ந்த ஹெட்ஃபோன் அந்த உருளலை அடுத்த அடிவரை இழுத்துக்கொண்டே போய்விடும். உடுக்கையில் கயிற்றை அழுத்தும்போது சுருதி வழுக்கி ஏறி இறங்குவது, பின்பாட்டுக்காரர் "ஆமா" போடும் குரல் முன்பாட்டுக்காரருக்குப் பின்னால் நிற்பது என்று கேட்க நிறைய இருக்கிறது. ஆனால் கொடை மேடையில் ஒற்றை மைக் வைத்துப் பதிந்த ஒலிநாடாவிடம் அகலத்தை எதிர்பார்க்காதீர்கள். எவ்வளவு விலை கொடுத்தாலும் பதிவில் இல்லாதது வராது. ஆகவே நன்றாகப் பதிவான ஒரு தனிக்குரல் பாட்டு, ஒரு நாதஸ்வரக் கச்சேரி, உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளரின் பல வாத்தியப் பாட்டு ஒன்று ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் குரலில் "ச", "ஷ" வரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டால், சாயல் வித்தியாசம் அங்கேதான் முதலில் பிடிபடும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒலியளவைச் சமமாக்குவது. இரண்டு ஹெட்ஃபோன்களில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், நம் காது அதைச் "சத்தம் அதிகம்" என்று பதிவு செய்வதில்லை. "தெளிவு அதிகம்" என்று பதிவு செய்துவிடும். 150 ஓம் 660எஸ்-ஐயும் 300 ஓம் 600-ஐயும் ஒரே டாங்கிளில் ஒரே அளவில் மாற்றி மாற்றி மாட்டினால், எது சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே ஜெயிக்கும். பலர் எழுதும் "இரவும் பகலும் போன்ற வித்தியாசம்" பெரும்பாலும் இந்த ஒலியளவுத் திருகு செய்த வேலை என்பது என் அனுமானம்.

சமமாக்க ஆய்வகம் தேவையில்லை. தடித்த அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் போனின் மைக் அளவுக்கு ஒரு துளை போடுங்கள். ஹெட்ஃபோனின் ஒரு குஷன் அட்டையில் இடைவெளியின்றிப் படியட்டும். மறுபக்கம் துளையில் இன்னொரு போனின் மைக்கை வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒலி அளவி செயலி ஒன்றைத் திறந்து, ஹெட்ஃபோனில் பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை ஓடவிடுங்கள். செயலி காட்டும் எண் உண்மையான டெசிபல் அல்ல. அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டாவது ஹெட்ஃபோனிலும் அதே எண் வரும்வரை ஒலியளவைத் திருத்துங்கள். இரண்டின் ஒலியளவுப் படிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, மாற்றும்போதெல்லாம் அந்தந்தப் படிக்கே போங்கள். துல்லியம் நூற்றுக்கு நூறு இல்லை என்றாலும், காதால் குத்துமதிப்பாகச் சரிசெய்வதைவிட எவ்வளவோ மேல்.

ஒரே குடும்பத்து மாடல்களில் இன்னொரு வசதி உண்டு. சட்டகமும் குஷனும் ஒன்றாக இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டால் தலையில் இருப்பது எது என்று தொடுவுணர்வால் தெரியாது. கூட ஒருவரை வைத்துக்கொண்டு, மாட்டிவிடச் சொல்லுங்கள். நண்பர் ஒருவரின் வீட்டில் இப்படிச் செய்தபோது அவருடைய மைத்துனர் உதவிக்கு வந்தார். "அத்தான், இப்போது எது?" என்று கேட்பதும், நண்பர் உறுதியாக ஒரு பெயரைச் சொல்வதும், மைத்துனர் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைப் பக்கம் திரும்புவதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு நண்பர் குரல் பாட்டுகளில் மட்டும் சரியாகச் சொல்லத் தொடங்கினார். அவர் பணம் கொடுக்க வேண்டியது அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான். அதன் விலை நியாயமா என்பதை அவர் அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

குஷனின் நிலையையும் பாருங்கள். பழகிய குஷன் அமுங்கியிருக்கும், காது டிரைவருக்கு நெருங்கிவிடும், சாயல் மாறும். நண்பரின் மூன்று வயது 600-ஐயும் கடையின் புத்தம்புதிய 650-ஐயும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிட்டது பழைய குஷனையும் புதிய குஷனையும்.

"நூறு மணி நேரம் ஓடவிடுங்கள், ஒலி பண்படும்" என்று சொல்பவர்கள் உண்டு. குஷன் பண்படும், உங்கள் காதும் பழகும், அது உண்மை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும் என்பதும் உண்மை. முதல் மூன்று நாளில் பிடிக்காத சாயலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாங்கும் முன் ஒரு மலிவான பரிசோதனையும் செய்யலாம். ஏற்கெனவே உங்களிடம் ஒரு நல்ல ஹெட்ஃபோன் இருந்தால், ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. போன்ற இலவச செயலிகளைக் கொண்டு அதன் சாயலைத் திருத்திக் கேளுங்கள். பல மாடல்களுக்கு அளந்து தயாரித்த திருத்தங்களே கிடைக்கின்றன. இரண்டாம் விதத்து வித்தியாசத்தில் பெரும்பகுதியை இதிலேயே பிடித்துவிடலாம். அகலம், எடை, இறுக்கம் ஆகியவற்றை எந்தச் செயலியாலும் மாற்ற முடியாது. பணம் கொடுத்தே ஆக வேண்டியவை அவை.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டி

நம் மாவட்டத்தில் வீட்டுக்கொருவர் என்று சொல்லும்படி வளைகுடாவில் இருக்கிறார்கள். "மாமா துபாயிலிருந்து வருகிறார், இங்கே வாங்குவதைவிட எட்டாயிரம் குறைவு" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. குறைவாக இருக்கலாம். ஆனால் பல நிறுவனங்களின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். ஒரு பக்க டிரைவர் நின்றுபோனால் திரும்பவும் மாமா ஊருக்கு வந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும். வாங்கச் சொல்வதற்கு முன் சர்வதேச உத்தரவாதம் உண்டா என்று நிறுவனத்தின் இணையதளத்திலேயே பாருங்கள். பில்லை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். சந்தைக் கடைகளில் வாங்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். புகழ்பெற்ற புளூடூத் மாடல்களின் போலிகள் பெட்டி, பை, அட்டை எல்லாவற்றோடும் வருகின்றன. நிறுவனத்தின் செயலியில் இணைத்துப் பார்த்தால் பல போலிகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இந்தியாவில் இணையவழியில் வாங்குவோர், விற்பவர் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்பதையும், திருப்பிக் கொடுத்தால் பணம் வருமா அல்லது மாற்றுப் பொருள் மட்டும்தானா என்பதையும் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதை முதல் வெட்டிலிருந்து படம்பிடியுங்கள்.

பழைய பொருளில் நல்ல பேரம் உண்டு. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் குடும்பங்களாகப் பார்த்து எடுங்கள். சென்ஹைசர் 600 வரிசையின் குஷன், கம்பி, நடுப்பட்டை எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை. இருபது வயதான ஹெட்ஃபோன்கள் இன்னும் பாடிக்கொண்டிருப்பது அதனால்தான். புளூடூத் வகைகளைப் பழையதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உள்ளே இருக்கும் பேட்டரிக்கு வயதாகியிருக்கும், அதை மாற்றுவது லேசான வேலையும் அல்ல.

வாங்கியபின்: உப்புக்காற்றும் இடியும்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஒரு கூடுதல் எதிரி. பிளக்கின் பூச்சு மங்கும், திருகுகள் துருப்பிடிக்கும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ஈரம் வேறு மாதிரி. வெல்வெட் குஷனில் பூஞ்சை பிடிக்கும். செயற்கைத் தோல் குஷன்களை வியர்வை சீக்கிரம் உரித்துவிடும். கேட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஸ்டாண்டில் திறந்து வைப்பது படத்துக்கு அழகு. நம் ஊரில் அது தூசிக்கும் ஈரத்துக்கும் கொடுக்கும் அழைப்பு. குஷன் தேய்பொருள் என்பதால் அண்ணன் மாடலின் குஷன் விலையைத் தம்பியினுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள். சில மாடல்களில் ஒரு ஜோடி குஷனே நல்லதொரு சாதாரண ஹெட்ஃபோனின் விலை.

மேசை ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. ஹெட்ஃபோனில் மெல்லிய "ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் குறை ஹெட்ஃபோனில் இல்லை, வீட்டு எர்த்திங்கில் அல்லது சார்ஜரில். அதை எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ஹெட்ஃபோனைத் திருப்பி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒலியளவு விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நான்கே மணி நேரம். பத்து டெசிபல் ஏறியதும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. திறந்த வகையில் மழைச் சத்தத்தை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் இந்த வரம்பைத் தெரியாமலே தாண்டிவிடுவீர்கள். மழை பெய்யும் இரவுகளில் ஹெட்ஃபோன் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.